ஃபயர் ஆபீசருக்கு சங்கமே ஜீப் வாங்கித் தரலாமா? சைரன் புரோக்கர்கிட்ட உஷார்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்க ஹட்டியில (படுகர் ஊர்ல) சிறு தேயிலை விவசாயிகள் சங்கம் இருக்கு. ஃபயர் இன்ஜின் உள்ள வர ரோடு பத்தல. ஸ்டேஷன் ஆபீசர் சட்டுனு வந்து பாக்க 2012 மாடல் ஃபோர் வீல் டிரைவ் பொலேரோ ஒண்ணு வாங்கித் தரலாம்னு இருக்கோம். செவப்பு பெயின்ட், லைட்டு, சைரன், ஆர்சி எல்லாத்தையும் மொத்தமா முடிச்சுத் தர்றேன்னு ஒரு புரோக்கர் சொல்றார். நம்பலாமா?

பதில்: நம்பாதீங்க. உங்க தேவை நியாயமானதுதாங்க, மேல் ரோட்டுலயே இன்ஜினை நிறுத்திட்டு தேயிலைச் செடி மேல ஹோஸை இழுத்துட்டு ஃபயர் சர்வீஸ் பசங்க மூச்சு வாங்க இறங்கறதை நானும் பாத்திருக்கேன். 2024 மார்ச்ல குன்னூர் காடு எரிஞ்சப்ப விமானப்படை ஹெலிகாப்டரே வந்து தண்ணி ஊத்துச்சு, ஆனா ஒரு ஸ்டேஷன் ஆபீசருக்கு தனியா ஜீப்னு கேட்டா ஃபைல் ஊட்டி, கோவை, சென்னைன்னு ஊர் சுத்திட்டு வரும், அதுக்குள்ள ஆபீசரே டிரான்ஸ்ஃபர் ஆகிடுவார்.

புரோக்கர் விஷயத்துக்கு வர்றேன். 2017 மே 1ல இருந்து விஐபி செவப்பு லைட்டெல்லாம் எடுத்தாச்சு. இப்ப செவப்பு, நீலம், வெள்ளை கலந்த லைட்டு தீயணைப்பு, போலீஸ், பேரிடர் மாதிரி வேலைக்குன்னு அரசு ஒதுக்கின வண்டிக்குத்தான், அதுவும் அந்த வேலையில ஓடும்போது மட்டும். சங்கத்து பேர்ல இருக்கற வண்டிக்கு அதை எந்தப் புரோக்கராலயும் வாங்கித் தர முடியாதுங்க. ஊளையிடற சைரனும் அப்படித்தான், மோட்டார் வாகன விதி 119ஐப் பாத்தீங்கன்னா ஃபயர், ஆம்புலன்ஸ், போலீஸ் மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு, அதுக்கும் ஆர்டிஓ ஒத்துக்கிட்ட சத்தமா இருக்கணும். பெயின்ட் அடிச்சு 'அவசரம்'னு ஸ்டிக்கர் ஒட்டி உங்ககிட்ட காசை வாங்கிட்டு அவர் போயிடுவார், செக்போஸ்ட்ல நிக்கப்போறது நீங்க.

அடுத்த கூத்து, "வண்டி உங்க பேர்லயே இருக்கட்டும், ஆபீசர் ஓட்டிக்கட்டும்"பாங்க. வேண்டவே வேண்டாம். கட்டபெட்டு வளைவுல யார் மேலயாவது இடிச்சா ஓனர்னு கோர்ட் சம்மன் வர்றது சங்கத் தலைவர் வீட்டுக்குத்தான். ஆபீசரோட சொந்தப் பேர்ல மாத்தறது அதைவிட மோசம், அரசு ஊழியர் நடத்தை விதிப்படி அந்த மாதிரி அன்பளிப்பு அவர் வேலைக்கே வேட்டு வச்சிடும். துறை எழுத்துல ஏத்துக்கிட்டு, ஓனர் பேர் மாத்தற ஃபாரம் 29, 30 போட்டு அந்தப் பதவிப் பேருக்கு மாறி, அரசு வண்டிக்கான ஜி சீரிஸ் நம்பரும் வந்தாத்தான் அது தீயணைப்புத் துறை வண்டி.

இப்ப யாரும் உங்ககிட்ட சொல்லாத ஒண்ணு. தனியார் வண்டி 15 வருஷம் தாண்டினா எஃப்சி (வண்டி ஓடத் தகுதின்னு தர்ற சான்று) காட்டி இன்னும் 5 வருஷம் புதுப்பிச்சுக்கலாம். அரசு வண்டிக்கு அந்தச் சலுகை 2023 ஏப்ரல் 1லயே போச்சு, 15 முடிஞ்சா பதிவும் முடிஞ்சுது, அப்புறம் ஸ்கிராப்தான். விதிவிலக்கு இருக்கு, ஆனா அது ராணுவம், உள்நாட்டுப் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்குக்கு ஓடற கவச வண்டி மாதிரி விசேஷ வண்டிக்கு. ஃபயர் சர்வீஸும் அவசர சேவைதானே, நமக்கும் பொருந்தும்னு புரோக்கர் வாதாடுவார். பொருந்தாதுங்க. சாதா பொலேரோவுக்கு செவப்பு பெயின்ட் அடிச்சா அது கவச வண்டி ஆகிடாது. அதாவது உங்க கையில இருந்தா 2032 வரைக்கும் ஓட வாய்ப்புள்ள அதே வண்டி, துறை பேருக்கு மாறினா 2027லயே படுத்துரும். இன்ஜின் கல்லு மாதிரி இருந்தாலும் அவ்வளவுதான். இந்த விதியை எழுதினவங்க மலையில வண்டி ஓட்டிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம்.

அதனால பழைய வண்டியை மறந்துடுங்க. தீயணைப்புத் துறை மாவட்ட அலுவலருக்கு ஒரு லெட்டர் போட்டு ரெண்டே கேள்வி கேளுங்க: வண்டி குடுத்தா டிரைவர் போஸ்ட் இருக்கா, டீசலுக்கு ஒதுக்கீடு வருமா? ரெண்டுக்கும் எழுத்துல பதில் வந்தா புது வண்டி பத்தி பேசுங்க, தொகுதி நிதியில முடியுமான்னு எம்எல்ஏகிட்டயும் கேட்டுப் பாருங்க. வரலேன்னா மரம் அறுக்கற பவர் சா, தூக்கிட்டுப் போற சின்ன பம்ப்னு ஏதாவது தரலாமான்னு கேளுங்க. மழைக்காலத்துல மேட்டுப்பாளையம் ரோட்டுல மரம் சாஞ்சா அவங்க கையில தேவைப்படறது ரம்பம்தான்.

புரோக்கருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுன்னா இந்த வாரமே திருப்பிக் கேளுங்க, ரசீது தர மாட்டார், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை பத்திரமா வச்சுக்கங்க.