கோவலனை நாம் எப்போது மன்னிக்கிறோம்?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். பட்டறைத் தொழிலாளி ஒருவரைப் பற்றிச் சிறுகதை எழுதியிருக்கிறேன். கை ஒடிந்து வேலையிழந்த கூட்டாளியின் குடும்பத்துக்கு ஓராண்டு தம் கூலியில் பாதியைக் கொடுத்தவர் அவர். பல ஆண்டுகளுக்குப் பின் மனைவியின் கொலுசை அடகு வைத்துக் குடித்தவரும் அவரே. நடந்த வரிசையில் சொன்னபோது, படித்தவர்கள் ‘கெட்டுப்போய்விட்டார்’ என்றார்கள். அடகை முன்னே கொண்டுவந்ததும் ‘உள்ளுக்குள் நல்லவர்’ என்கிறார்கள். எது சரி?

பதில்: நற்செயலை முதலில் அறிந்தவர் பின்னால் வரும் வீழ்ச்சிக்குக் காரணம் தேடுகிறார். வீழ்ச்சியை முதலில் அறிந்தவரோ தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறார். பிறகு வரும் நற்செயல் அவருடைய தீர்ப்போடுதான் மோதுகிறது.

சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். மதம்கொண்ட யானையின் பிடியிலிருந்து முதிய அந்தணரை மீட்டதும், பொய்ச்சான்று சொன்னவனைப் பூதம் பிடித்தபோது அவனுக்காகத் தன் உயிரைத் தர முன்வந்ததும் கோவலன் தன் ஊரான புகாரில் செய்தவை. யானை நிகழ்ச்சி மணிமேகலைக்குப் பெயர் சூட்டிய நாளில் நடந்தது. அதாவது, கண்ணகியைப் பிரிந்து அவன் மாதவியோடு வாழ்ந்த காலம். கால வரிசையில் இவை காவியத்தின் முதல் பகுதியான புகார்க் காண்டத்தில் வந்திருக்க வேண்டும். ஆனால் இளங்கோவடிகள் இவற்றை 15ஆம் காதையான அடைக்கலக் காதை வரை நிறுத்திவைத்து, கோவலனை அறிந்த மாடலன் என்னும் அந்தணன் வாயால் சொல்ல வைக்கிறார். அடுத்த காதையிலேயே கோவலன் வெட்டுண்டு இறக்கிறான். மனைவியை விட்டுச் சென்றவன் என்று மட்டுமே நாம் கருதியிருந்தவனை முழுமையாக அறிந்த மறுகணமே இழக்கிறோம்.

இம்மையில் அவன் செய்தவை நல்வினையாகவே இருக்க, இத்துன்பம் முற்பிறப்பின் பயனோ என்று மாடலன் அங்கேயே கேட்கிறான். அதற்கான விடை, முற்பிறப்பில் பரதன் என்ற பெயரில் கோவலன் செய்த தீவினையை மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி சொல்லும் 23ஆம் காதையில்தான் வருகிறது. அது முதலிலேயே வந்திருந்தால், அந்தக் கொலையைத் தண்டனை என்று எண்ணிக் கடந்திருப்போம். அதற்குள் பாண்டியன் அவையில் கண்ணகியோடு சேர்ந்து நாமும் வழக்குரைத்துவிட்டதால், வினைப்பயன் என்ற விளக்கம் நம் சினத்தை ஆற்றுவதில்லை.

உங்கள் கதைக்கு இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. மாடலன் புகழ்ந்ததற்கு அடுத்த காதையில், தன் தவறுகளை எண்ணி வருந்தும் கோவலனிடம், போற்றத் தகாத ஒழுக்கத்தைச் செய்தீர்கள் என்று கண்ணகி நேரே சொல்லிவிடுகிறாள். பிறருக்கு அவன் காட்டிய கருணை, அவளுக்கு இழைத்த தீங்கைக் கழுவிவிடக் காவியம் இடம் தரவில்லை. ‘உள்ளுக்குள் நல்லவர்’ என்று உங்கள் வாசகர்கள் அமைதியடைவது, அந்த மனைவி உங்கள் கதையில் வாய் திறக்காததால்தான் என்று நினைக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். கூலி கொடுத்த செய்திக்குப் பிறகு அவளைப் பேச விடுங்கள்.

கேள்வி: ஒரு பாத்திரத்தின் நல்ல பக்கத்தை ஆசிரியர் வேண்டுமென்றே பிந்திச் சொல்வது வாசகரை ஏமாற்றுவது ஆகாதா? (ஏற்காட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: பாத்திரத்தின் மனத்துக்குள் நம்மை அழைத்துச் சென்று, அவர் அப்போது நினைத்துக்கொண்டிருப்பதையே மறைத்தால் ஏமாற்றுதான், ஐயா. விதையை முன்பே ஊன்றியிருந்தால் அல்ல. கோவலனின் தந்தை மாசாத்துவான் வரும் நிதியைப் பிறருக்கு வழங்குபவன் என்பது முதல் காதையிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அதை நாம்தான் வெறும் குடிப்பெருமை என்று வாசித்துக் கடந்தோம். மேலே எழுதியுள்ள வாசகியின் கதையிலும், அடகுக் கடையில் பணத்தை எண்ணும் அந்தத் தொழிலாளியின் விரல்கள், பழைய பழக்கத்தில் பாதியைத் தனியே பிரித்துவைத்து, பிறகு மறுபடி ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் போதும்.