செய்தியில் வரும் வரலாற்றுத் தவறுகள்: கேள்வி பதில்

உள்ளூர்ச் செய்திகளில் புகும் வரலாற்றுப் பிழைகள் பற்றிய கேள்விகளுக்கு, செய்தி மேசையில் செய்திப் பிரதிகளைத் திருத்துபவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: நிருபர்கள் அதிகம் சறுக்கும் இடம் எது?

ஆண்டுக் கணக்கு. 1926-ல் தொடங்கிய சங்கத்துக்கு 2025-லேயே 100-ஆவது ஆண்டு பிறந்துவிடும். 100 ஆண்டு நிறைவது 2026-ல். ‘நூற்றாண்டு விழா’ என்று அழைப்பிதழ் வந்தால் இரண்டில் எது என்று கேட்டு எழுதுங்கள். கி.மு.வைத் தாண்டும்போது இன்னொரு சிக்கல்: பூஜ்யம் ஆண்டு கிடையாது. சீசர் கொல்லப்பட்ட கி.மு. 44 முதல் கி.பி. 2000 வரை 2,043 ஆண்டுகள்தான்.

விழா மலரை ஆதாரமாக எடுக்காதீர்கள். ஒவ்வொரு மலரும் முந்தைய மலரைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. பதிவுச் சான்று, முதல் கூட்டத்தின் குறிப்பேடு, அந்த வாரத்துச் செய்தித்தாள் ஆகியவற்றைக் கேளுங்கள். அடிக்கல் நாட்டிய தேதி வேறு, திறந்த தேதி வேறு.

கேள்வி: எங்கள் ஊர்க் கோட்டைக்கு எத்தனை வயது?

தொல்லியல் ஆய்வாளரைக் கேளுங்கள்.

கேள்வி: ‘அக்டோபர் புரட்சி’ நவம்பர் 7-ல் நடந்தது என்று எழுதினேன். தவறு என்கிறார்கள்.

நீங்கள் எழுதியது சரி. ரஷ்யாவில் அன்று ஜூலியன் எனும் பழைய நாட்காட்டிப்படி 1917 அக்டோபர் 25. இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் கணக்கில் நவம்பர் 7. கத்தோலிக்க நாடுகள் சில 1582-ல் கிரிகோரியனுக்கு மாறின; அங்கே அக்டோபர் 4-க்கு மறுநாள் 15. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-ல் மாறின. செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. ரஷ்யா மாறியது 1918-ல். ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. இரண்டு நாட்காட்டிகளுக்கும் இடைவெளி முதலில் 10 நாள், பிறகு 11, 12, 13 என வளர்ந்தது. அதனால் எல்லாத் தேதிக்கும் 13 நாளைக் கூட்டினால் பிழை வரும். எந்த நாட்காட்டி என்பதையும் தேதியோடு எழுதுங்கள்.

கேள்வி: கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று படித்திருக்கிறோமே, அதுவும் தவறா?

தவறுதான். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் கிரிகோரியன் தேதி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தின் ஜூலியன் தேதி. இரண்டையும் கிரிகோரியனில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. ஜூலியனில் வைத்தால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எந்தக் கணக்கிலும் ஒரே ஆண்டு வராது.

கேள்வி: அவரவர் நாட்டில் அன்று புழங்கிய தேதியை எழுதுவதுதானே நியாயம்?

தனித்தனியாக எழுதும்போது நியாயம்தான். இரண்டையும் ஒப்பிடும் நொடியில் ஒரே நாட்காட்டிக்குக் கொண்டுவந்தாக வேண்டும். ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டிசும் 1616-ல் ஒரே நாளில் இறந்ததாக வரும் செய்தியும் இப்படிப் பிறந்ததே. ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஜூலியன். ஸ்பெயினில் அன்று மே 3.

கேள்வி: விழா மலரில் தேதி தெளிவாக அச்சாகியிருந்தால் எடுக்கலாமா?

கூடாது. முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பழைய படத்தின் காலத்தை எப்படிச் சோதிப்பது?

டாகெரோடைப் என்ற தொடக்ககாலப் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். 1821-ல் இறந்த நெப்போலியனுக்குப் புகைப்படம் இருக்க முடியாது, இருப்பவை ஓவியங்கள். உடையையும் பாருங்கள். பிரிட்டிஷ் வீரர் எஃகுத் தலைக்கவசத்தோடு நிற்கும் படத்துக்கு ‘1914’ என்று குறிப்பு இருந்தால் அது பிழை. அந்தக் கவசம் 1915-ல்தான் வந்தது.

கேள்வி: ‘முதல் பெண்’ என்று எழுதலாமா?

எதில், எங்கே, எந்த நிபந்தனையில் என்று சேர்த்து எழுதலாம். நியூசிலாந்துப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை பெற்றது 1893-ல். அதில் போட்டியிடும் உரிமை 1919-ல்தான் வந்தது. பிரிட்டனில் 1918-ல் 30 வயது நிரம்பிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு மட்டும். ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928-ல். ‘பெண்கள் முதலில் வாக்களித்த ஆண்டு’ என்று மட்டும் எழுதினால் இவற்றில் எதைச் சொல்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: 1918-ல் உலகெங்கும் பரவிய ஸ்பானிஷ் காய்ச்சல் ஸ்பெயினில் தொடங்கியதா?

அதற்கு ஆதாரம் இல்லை. முதல் உலகப் போரில் ஸ்பெயின் நடுநிலை வகித்தது. போர்க்காலத் தணிக்கை இல்லாததால் அங்கிருந்து செய்தி தாராளமாக வெளிவந்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: சங்கச் செயலாளரே கையெழுத்திட்டுத் தந்த மலர் என்றால்?

கையெழுத்து தேதியைச் சரியாக்காது. மலர் வேண்டாம்.

கேள்வி: மாலைக்குள் பிரதி போக வேண்டும். சரிபார்க்க நேரமில்லை. என்ன செய்வது?

ஆண்டை எடுத்துவிட்டு அனுப்புங்கள். ‘பல ஆண்டுகளுக்கு முன்’ போதும். எண் கட்டாயம் வேண்டுமென்றால் யார் சொன்னது என்று அதே வாக்கியத்தில் சேர்த்து, பிரதியின் தலையில் ‘ஆண்டு சரிபார்க்கவில்லை’ என்று குறித்து அனுப்புங்கள். அந்த எண் தலைப்பில் ஏறாமல் மேசையில் பார்த்துக்கொள்வார்கள்.