முதல் வீடு வாங்கும் முன் எதிலிருந்து தொடங்குவது?

முதல்முறையாக வீடு வாங்கப் போகிறவர் எப்படித் தயாராக வேண்டும் என்பது கேள்வி. வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே மாதத் தவணையை ஒத்திகை பாருங்கள். இப்போதைய வாடகைக்கும் வரப்போகும் தவணைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பளம் வந்ததுமே தனிக் கணக்கில் போடுங்கள். ஆறு மாதம் அதில் கை வைக்காமல் குடும்பம் ஓடினால் சரி, அந்தத் தவணை உங்களுக்குத் தாங்கும். சேர்ந்த தொகையும் முன்பணத்துக்கு ஆகும்.

வங்கி தரத் தயாராக இருக்கும் தொகையை உங்கள் வரம்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலத்தை நீட்டினால் தவணை குறையும் என்பார்கள். எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 சதவீத வட்டியில் 1 லட்சம் கடனை 20 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 900, 30 ஆண்டில் அடைத்தால் சுமார் 805. மாதம் 95 மிச்சமாகிறது, ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 74,000 கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். 20 ஆண்டுக் கடனிலேயே முதல் மாதத் தவணையில் 750 வட்டிக்குப் போய்விடும்.

அப்புறம், கையிருப்பு முழுவதையும் முன்பணத்தில் கொட்டிவிட வேண்டாம். பதிவுச் செலவு, வரி, காப்பீடு, சில்லறை ரிப்பேர் எல்லாம் பின்னாலேயே வரும். வேலை போனாலும் சில மாதம் தவணை கட்டும் அளவுக்குப் பணம் தனியே இருக்கட்டும்.

பத்திரங்களை நீங்களே அமர்த்திய வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விற்பவர் கைகாட்டும் ஆள் வேண்டாம். வீட்டை நல்ல மழைக்குப் பிறகும் ஒருமுறை போய்ப் பாருங்கள். சுவரின் அடியில் பெயிண்ட் உப்பியிருந்தால் பெரும்பாலும் ஈரம் ஏறுகிறது. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.