மார்பகத்தை எடுத்த பிறகு சீரமைப்புக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: வயது 38. புற்றுநோய்க்காக மூன்று வாரத்துக்கு முன் வலது மார்பகத்தையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். இனி கீமோ, ரேடியேஷன் இருக்கிறது. அதெல்லாம் முடிந்து மார்பகச் சீரமைப்பு செய்துகொள்ள ஆசை. வீட்டில் ‘இது தேவையா’ என்கிறார்கள். இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும்? வடசென்னையில் யாராவது இந்த வழியாகப் போயிருக்கிறீர்களா?

பதில்:

போயிருக்கிறேன், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். தண்டையார்பேட்டையில் பதினெட்டு வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். எனக்கு இடது பக்கம். எடுத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது, ரேடியேஷன் முடிந்து பதினைந்து மாதம். அடுத்த மாதம் சீரமைப்புக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. என் உடம்பில் நடந்ததையும் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் எழுதுகிறேன்.

சீரமைப்பு வேண்டுமென்றால் இப்போதைக்குக் கையைப் பாருங்கள். அக்குளில் கை வைத்து அறுத்திருப்பதால் தோள் சீக்கிரம் இறுகிப்போகும். ரேடியேஷன் மெஷினில் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும். கை மேலே போகவில்லை என்றால் ரேடியேஷன் தள்ளிப்போகும், அது தள்ளிப்போனால் சீரமைப்பும் தள்ளிப்போகும். இதை எனக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா சொன்னார். அவர் சொல்லாமல் போயிருந்தால் வலிக்கிறதே என்று கையை மார்போடு அணைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது எனக்கு, அறுத்த இடத்தில் ஊறுகிற நீரை வெளியே வடிக்க இரண்டு டிரெயின் குழாய், அது சேர இரண்டு டப்பா. பிளவுஸ் லைனிங் துணியில் இரண்டு சின்னப் பை தைத்து, கழுத்தில் நாடா போட்டு மாட்டிக்கொண்டேன். டப்பா கீழே இழுத்தால் தையல் போட்ட இடம் சுள்ளென்று வலிக்கும், பையில் இருந்தால் அந்த வலி இல்லை. காலையும் மாலையும் எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுதச் சொல்லியிருந்தார்கள். வாடிக்கையாளர்களின் மார்பு, இடுப்பு, தோள் அளவு எழுதுகிற நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். 140, 110, 95, 60, 45, 28, 25. முதலில் ரத்தச் சிவப்பு, அப்புறம் ரோஸ், கடைசியில் வைக்கோல் நிறம். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து வந்த பிறகு எடுத்தார்கள்.

டிரெயின் எடுத்த பிறகும் அக்குளுக்குக் கீழே நீர் கோத்துக்கொண்டது. கை வைத்தால் உள்ளே தளும்பும். பயந்துபோய் ஓடினேன். இது நிறைய பேருக்கு வருவதுதான் என்று சொல்லி ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள், இரண்டு முறை. ஊசி குத்தியதே தெரியவில்லை, அந்த இடம் முழுக்க மரத்துக் கிடந்தது. மேல் கையின் உள்பக்கமும் அப்படித்தான், யாரோ ஒருவரின் கையைத் தொடுவது போல இருக்கும். அக்குள் வழியாகப் போகிற நரம்பு பாதிக்கப்படுவதால் வருவது. எனக்குப் பாதி உணர்ச்சி திரும்பியிருக்கிறது, மீதி இல்லை.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். டிரெயின் இருந்தபோது விரலை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, அவ்வளவுதான். எடுத்த பிறகு சுவர். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு மாதிரி மேலே ஏற்ற வேண்டும், எட்டுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நான் துணி வெட்டக் கோடு போடுகிற சாக்பீஸை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் நடுவிரல் எட்டிய இடத்தில் ஒரு கோடு போட்டேன். முதல் நாள் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. சில நாள் இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு நூல் அளவுகூட வித்தியாசம் இருக்காது. நடுவில் அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் ஒரு கயிறு இழுத்துக் கட்டியது மாதிரி வந்தது. ஏதோ அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்கள் பலருக்கும் இது வருமாம். நிறுத்தாமல் மெதுவாக நீட்டுங்கள் என்றார் பிசியோ அம்மா. சில வாரத்தில் தளர்ந்துவிட்டது. ஆறாவது வாரம் காலண்டர் ஆணியைத் தொட்டேன்.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், லாரி வந்தால் குடத்தோடு ஓடுகிறோம், இல்லையென்றால் அடிபம்பு. நிரம்பிய பிளாஸ்டிக் குடம் கிட்டத்தட்ட 15 கிலோ. தையல் ஆறுகிற முதல் வாரங்களில் அது கூடவே கூடாது. அதற்குப் பிறகும் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். என் மகன் காலேஜ் போவதற்கு முன் சின்னச் சின்ன வாளியாக நிரப்பி வைத்துவிட்டுப் போவான். உங்கள் வீட்டில் யார் தண்ணீர் பிடிப்பது என்று இன்றைக்கே பேசி முடிவு செய்துவிடுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கை வீக்கத்தைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நெறிக்கட்டியை எடுத்துவிட்டால் கையிலிருந்து நிணநீர் வடிகிற பாதை குறைந்துபோகிறது, அதனால் எப்போது வேண்டுமானாலும் வீங்கலாம், பல வருடம் கழித்துகூட. அந்தக் கையில் காயம், கொப்புளம், பூச்சிக்கடி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தையல்காரிக்கு ஊசி குத்தாமல் இருக்குமா? கீமோ நடந்தபோது கொக்கி தைக்கையில் இடது ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது. மறுநாள் மணிக்கட்டு வரை சிவந்து சூடாக இருந்தது, மாலையில் குளிர் காய்ச்சல். அன்றே போனதால் ஆன்டிபயாடிக்கோடு சரியாகிவிட்டது. கீமோ சமயத்தில் காய்ச்சல் என்றால் ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் கோபமாகவே சொன்னார். அதிலிருந்து விரலுக்கு உறை போடாமல் ஊசியைத் தொடுவதில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன் என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நிணநீருக்கு நீவுவது தனி முறை, பயிற்சி எடுத்தவர்கள் தோலை மட்டும் மெல்ல நகர்த்துவார்கள்.

ரேடியேஷன் எனக்கு 25 நாள். தோல் கருத்து, கடைசி வாரம் உரிந்தது. ஷேர் ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் வரும். அக்குளில் ஒரு குட்டித் தலையணையை இடுக்கிக்கொண்டு போவேன். 2021இல் நம் பக்கம் மெட்ரோ வந்தது பெரிய புண்ணியம், குலுங்காமல் போய் வந்தேன்.

சீரமைப்பு என்று ஒன்று இருப்பதே எனக்கு அந்த ரேடியேஷன் வரிசையில்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருவொற்றியூர் அக்கா சொன்னார். மார்பகத்தை எடுத்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிலருக்கு எடுக்கும்போதே சேர்த்துச் செய்வார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. எனக்கு அது பொருந்தியிருக்குமோ இல்லையோ, சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, கேட்கவும் கேட்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ரேடியேஷன் பட்ட தோல் அடங்க நாளாகும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். வழிகள் மூன்று என்று எனக்கு விளக்கினார்கள். ஒன்று சிலிக்கான் இம்ப்ளான்ட். பெரும்பாலும் முதலில் ஒரு பலூன் வைத்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பித் தோலை விரிப்பார்கள், அப்புறம் அதை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைப்பார்கள். அறுவை சின்னது, ஆனால் ரேடியேஷன் பட்ட இடத்தில் அதைச் சுற்றித் தழும்பு இறுகிக் கல் மாதிரி ஆகிற வாய்ப்பு கூடுதல். இரண்டாவது, முதுகுத் தசையைத் தோலோடு திருப்பி முன்னால் கொண்டுவருவது. மூன்றாவது, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு எடுத்து மார்பில் வைத்து, குழாயைக் குழாயோடு இணைப்பது.

எனக்கு முதுகைத் தொட மனம் வரவில்லை. மெஷினில் துணியைத் தள்ளிக்கொடுப்பது என் இடது கைதான். அந்தப் பக்கம் தோளின் பலத்தை இன்னும் குறைத்துக்கொள்ள முடியாது என்று சொன்னேன், டாக்டர் ஏற்றுக்கொண்டார். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள், ‘வீட்டு வேலைதான்’ என்று முடித்துவிடாதீர்கள். எனக்கு இரண்டு சிசேரியன் தழும்பு உண்டு, வயிறு ஆகாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். சிடி ஆஞ்சியோ எடுத்துக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிட்டு, செய்யலாம் என்றார்கள்.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில்தான் காட்டுகிறேன். கை அறுவைக்கென்றே 1971இல் தனிப் பிரிவு தொடங்கிய ஆஸ்பத்திரி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரத்தக் குழாய் தைப்பது அங்கே பழகிய வேலை. தலைமுடியைவிட மெல்லிய நூலில் தைப்பார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை என்றாலும், உங்களுக்குச் செய்யப்போகிற முறை அதில் வருகிறதா என்று காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு வருடம் நான் செய்தது இவ்வளவுதான். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தேன். மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4 இருந்தது, இப்போது 6.8. சர்க்கரை கூடினால் புண் ஆறாது. ரத்த அளவை ஏற்றினேன். காசிமேட்டிலிருந்து மத்தியும் நெத்திலியும், தினம் முட்டை, கீரை, அதோடு மாத்திரை. என் கணவர் வீட்டுக்குள் பீடி பிடிப்பதை நிறுத்தினார். புகை சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், வைத்த சதை அழுகிப்போகலாம் என்று டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். தமாக்சிஃபென் என்கிற மார்பகப் புற்றுநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால் அறுவைக்கு முன் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லலாம். அதை இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்வார்கள், நாமாக நிறுத்தவே கூடாது.

வீட்டையும் மாற்ற வேண்டியிருக்கிறது. வயிற்றிலிருந்து எடுத்தால் கொஞ்ச நாள் குனிந்தே நடக்க வேண்டும். பாயில் படுத்து எழ முடியாது, அதனால் கட்டில் ஒன்று தெரிந்தவரிடம் வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் குந்தி உட்கார்கிற கழிப்பறைதான், அதற்கு மேல் வைக்கிற கமோடு நாற்காலியும் வாங்கியாகிவிட்டது. முன்னால் ஜிப் வைத்த நைட்டி நான்கு தைத்து வைத்திருக்கிறேன். தலை வழியாகப் போடுகிறது எதுவும் உதவாது.

வீட்டில் ‘தேவையா’ என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 46. என் சின்ன மாமியார் “இந்த வயசுல யாரும்மா பாக்கப்போறா?” என்றார். நான் பார்க்கிறேனே அத்தை என்றேன். காலையில் குளிக்கும்போது நான்தான் பார்க்கிறேன். அவர் அப்புறம் பேசவில்லை. செய்துகொள்ளாமலேயே நிம்மதியாக இருக்கிற பெண்களும் எனக்குத் தெரியும், அதுவும் சரியான முடிவுதான். ஆனால் முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். சீரமைப்பு செய்தால் புற்றுநோய் திரும்பி வரும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள், அப்படி இல்லை என்று புற்றுநோய் டாக்டரே எனக்குச் சொன்னார். புது மார்பில் பழைய உணர்ச்சி இருக்காது, காம்பு பிறகு தனியாகச் செய்ய வேண்டும், இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி வராது. இதையெல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

அதுவரைக்கும் உள்ளே வைத்துக்கொள்ள ஒன்று சொல்கிறேன். வெறும் பஞ்சு வைத்தால் மேலே ஏறிக்கொண்டே இருக்கும், தோளும் ஒரு பக்கம் சாயும். எடை வேண்டும். மெல்லிய காட்டன் துணியில் அளவுக்கு ஒரு பை தைத்து, நடுவில் கொஞ்சம் கேழ்வரகு, சுற்றிலும் பஞ்சு வைத்தேன். அதை வைக்க ப்ராவுக்குள்ளே ஒரு பாக்கெட். நம் ஊர் வேர்வைக்குக் கேழ்வரகை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். புண் முழுக்க ஆறாமலும் ரேடியேஷன் நடக்கும்போதும் வைக்காதீர்கள். இதுவரை ஆறு பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

டிரெயின் எடுத்துவிட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் விரலையும் முழங்கையையும் மட்டும் அசையுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால் நாளைக்கே டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சுவருக்குப் போங்கள், கையில் ஒரு சாக்பீஸோடு.