நாற்பது வருஷமாக ஒத்துக்கொண்ட இறால்

கேள்வி: எனக்கு 43 வயது, ஊர் குடியாத்தம். சின்ன வயதிலிருந்தே இறால் சாப்பிடுகிறேன். போன தை மாதம் ஆம்பூரில் ஒரு கல்யாண விருந்து. பிரியாணி, எண்ணெய்க் கத்தரிக்காய், இறால் வறுவல் எல்லாம் சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. காணாக்கடி என்று மாமியார் வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து வீட்டில் இறால் தொக்கு, இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பேன். உதடு வீங்கி, தொண்டை அடைத்து, வாந்தியும் வந்தது. பிறகு ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். கத்தரிக்காய், பால், கோதுமை, துவரம்பருப்பு என்று 37 பொருள் எனக்கு ஆகாது என வந்தது. எல்லாவற்றையும் விட்டதில் 6 கிலோ இளைத்துவிட்டேன். இத்தனை வருஷம் இல்லாதது இப்போது எப்படி வரும்? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் போடுகிறேன்.

பதில்: முதலில் அந்த 37 பொருள் பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். இப்படி ஒரே ரத்தத்தில் நூறு, இருநூறு உணவுகளைப் பார்க்கும் பரிசோதனைகள் பெரும்பாலும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை அளப்பவை. நாம் அடிக்கடி சாப்பிடும் எதற்கும் அது உடம்பில் இருக்கும். அதாவது, நீங்கள் துவரம்பருப்பு சாப்பிடுபவர் என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரி சட்டென்று வரும் அலர்ஜிக்குக் காரணம் ஐஜிஈ என்ற வேறொரு எதிர்ப்புப் பொருள். உங்கள் ரிப்போர்ட்டில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அது ஐஜிஈ ஆகவே இருந்தாலும், சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பொருளை அந்தத் தாளை நம்பி விடத் தேவையில்லை.

நம் பக்கத்தில் உடம்பு அரித்தாலே பழி கத்தரிக்காய் மேல்தான் விழும். 'கரப்பான் பண்டம்' என்று பெயரே வைத்துவிட்டோம். சிலருக்கு அது வாயை அரிக்கும், உண்மைதான். ஆனால் ஆம்பூர் விருந்துக்கும் தொக்குக்கும் இடையில் இரண்டு மாதம் இருக்கிறதே, அதற்குள் வீட்டில் எத்தனை முறை கத்தரிக்காய் குழம்பு வைத்திருப்பீர்கள்? அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை என்றால் கத்தரிக்காய் மேல் குற்றமில்லை. இரண்டு முறையும் இலையில் இருந்தது இறால். இரண்டு முறையும் சீக்கிரமே வந்தது. இரண்டாவது முறை கொஞ்சம் சாப்பிட்டதற்கே கடுமையாக வந்தது. எந்த டாக்டரும் முதலில் கேட்பது இந்தக் கதையைத்தான்.

நாற்பதுக்கு மேல் வருமா என்றால், வரும். பல நாடுகளில் பெரியவர்களுக்குப் புதிதாகத் தொடங்கும் உணவு அலர்ஜிகளில் முன்னால் நிற்பதே இறால், நண்டு வகைதான். பல வருஷம் சும்மா இருந்த உடம்பு ஒரு நாள் அதை எதிரியாக நினைத்து ஐஜிஈ தயாரிக்க ஆரம்பிக்கிறது. ஏன் அந்த வருஷம், ஏன் உங்களுக்கு என்று பெரும்பாலும் சொல்ல முடிவதில்லை. ஒரு வேடிக்கை: இறாலில் அலர்ஜி தரும் ட்ரோபோமயோசின் என்ற புரதத்தின் நெருங்கிய சொந்தம் வீட்டுத் தூசியில் உள்ள நுண்பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும் இருக்கிறது. கரப்பான் பண்டம் என்ற பெயர் இறாலுக்குத்தான் பொருந்தும் போல!

உறுதி செய்ய, வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனையில் தோல் குத்துப் பரிசோதனை பற்றி விசாரியுங்கள். முன்கையில் இறால் சாரம் ஒரு சொட்டு வைத்து லேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் தடித்தால் தெரிந்துவிடும். அதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பிருந்து செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை போடக் கூடாது, போட்டால் தடிப்பே வராது. இறாலுக்கு மட்டும் ஐஜிஈ ரத்தப் பரிசோதனையும் உண்டு. சந்தேகம் தீராவிட்டால் மருத்துவமனையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதை வீட்டில் 'ஒரே ஒரு இறால்' என்று நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.

அதுவரை இறாலும் நண்டும் கூடாது. எவ்வளவு வேகவைத்தாலும், வறுத்தாலும் அந்தப் புரதம் போகாது. சந்தையில் கருவாட்டோடு விற்கும் சென்னாக்கூனியும் குட்டி இறால்தான், பொடியில் கலந்திருந்தால் தெரியாது. மீனின் புரதம் வேறு. இதுவரை மீன் ஒத்துக்கொண்டிருந்தால் சாப்பிடலாம், ஆனால் இறால் பொரித்த எண்ணெயில் பொரித்தது வேண்டாம். பால், பருப்பு, கோதுமை எல்லாம் முன்பு ஒத்துக்கொண்டவைதானே? இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

மறுபடி தெரியாமல் சாப்பிட்டு, தொண்டை அடைத்தாலோ மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ மிளகு வெற்றிலை தேடாமல் 108-ஐ அழையுங்கள். காலை உயர்த்திப் படுங்கள், மூச்சு முட்டினால் உட்காரலாம். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அப்போது மருந்து. செட்ரிசின் அரிப்பை அடக்குமே தவிர மூச்சைக் காப்பாற்றாது. ஊசி போட்டுச் சரியானாலும் சில மணி நேரம் மருத்துவமனையிலேயே இருங்கள், சிலருக்குத் திரும்ப வரும்.

அப்புறம், ரத்த அழுத்த மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என முடிந்தால், அந்த மாத்திரையே சிலருக்கு உதட்டை வீங்க வைக்கும். அட்டெனலால், மெட்டோப்ரோலால் என்று 'லால்' என முடிந்தால், அட்ரினலின் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பரிசோதனைக்குப் போகும்போது அட்டையைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.