மீட்கப்பட்ட கரடிகளைப் பார்க்கப் போகலாமா? கேள்வி பதில்

காசிக்குப் போகிற வழியில் ஆக்ராவில் இறங்குகிறவர்கள், மலேசியாவில் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் என்று நம் கடற்கரைப் பக்கத்து ஆட்கள் பலர், மீட்கப்பட்ட கரடிகளை வைத்துப் பராமரிக்கும் இடங்களைப் பற்றி விசாரிக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவர். வடக்கே அப்படியொரு மையத்தில் வேலை பார்த்துவிட்டு மண்டபத்துக்குத் திரும்பியிருக்கிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

ராமேஸ்வரத்திலிருந்து ஒருவர்: டாக்டரம்மா, அக்டோபரில் காசி போகிறோம். திரும்பும்போது தாஜ்மகால். பக்கத்திலேயே கரடிகள் இருக்கிற இடம் ஒன்று இருக்காமே, நம்பிப் போகலாமா?

போகலாம். ஆக்ராவிலிருந்து மதுரா, டெல்லி செல்லும் நெடுஞ்சாலையில் கீதம் என்ற ஏரி வரும். அதைச் சுற்றியிருப்பது சூர் சரோவர் பறவைகள் சரணாலயம். கரடி மீட்பு மையம் அதற்குள்தான் இருக்கிறது. வனவிலங்குகளை மீட்கும் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் என்ற அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து நடத்துகிறது. முதல் கரடிகள் வந்தது 2002 டிசம்பரில். எல்லாம் தேன்கரடிகள், அதாவது நம் மேற்கு மலைக் காடுகளில் இருக்கும் அதே கரடிதான். பெரும்பாலானவை மூக்கில் கயிறு கட்டித் தெருவில் ஆட்டுவிக்கப்பட்டவை.

நினைத்த நேரத்துக்கு வாசலில் போய் நிற்காதீர்கள். முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்பதால், அந்த நாள் கிடைக்குமா என்று மையத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் ஒரு நாள் மிச்சம்.

தங்கச்சிமடம், இரண்டு பிள்ளைகளின் அம்மா: பிள்ளைகள் கரடியைத் தொட்டுப் பார்க்க விடுவார்களா? ஒரு போட்டோவாவது?

தொட விடமாட்டார்கள் அக்கா. விட்டால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். தள்ளி நின்று படம் எடுக்கலாம், பிளாஷ் மட்டும் வேண்டாம். ஆட்டுவிக்கப்பட்ட கரடிகளில் காசநோய் இருந்திருக்கிறது. அது மனிதரிடமிருந்து கரடிக்கும் கரடியிடமிருந்து மனிதருக்கும் பரவக்கூடியது. யாருக்காவது இருமல் இருந்தால் அன்றைக்கு அறையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கரடி கண்ணில் படாமலும் போகலாம். மதிய வெயிலில் அது குழிக்குள் படுத்துத் தூங்கும். எழுப்ப மாட்டார்கள், சோறு காட்டி வெளியே இழுக்கவும் மாட்டார்கள். 'காசு கொடுத்தோமே' என்று ஊழியர்களிடம் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பல வருஷம் கயிற்றுக்கு ஆடிய பிராணிக்கு, வேண்டாம் என்றால் முகத்தைக் காட்டாமல் இருக்கும் வசதியைத்தான் அங்கே கொடுத்திருக்கிறார்கள்.

தொண்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: இப்போது எல்லா இடத்திலும் 'மீட்பு மையம்', 'சரணாலயம்' என்று போர்டு வைத்துவிடுகிறார்கள். நிஜம் எது, கடை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, போர்டை விட்டுவிட்டு குட்டிகளைப் பாருங்கள். எப்போது போனாலும் புதுக் குட்டிகள் இருக்கின்றன, மடியில் வைத்துப் பால் கொடுக்கலாம், படத்துக்குத் தனிக் காசு என்றால் அது வியாபாரம். மீட்பு மையத்தில் வேண்டுமென்றே இனப்பெருக்கம் செய்யவிட மாட்டார்கள். காட்டுக்குப் போக முடியாத தாய்க்குப் பிறக்கும் குட்டியும் ஆயுசுக்கும் வேலிக்குள்தானே? தேன்கரடி நல்ல பராமரிப்பில் 30 வருஷத்துக்கு மேலும் வாழும். ஒவ்வொரு குட்டிக்கும் அத்தனை வருஷச் செலவு இருக்கிறது.

அப்புறம், ஒரு கரடியைக் காட்டி 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேளுங்கள். நல்ல இடத்தில் எந்த மாநிலம், எந்த வருஷம், வரும்போது என்ன காயம், இப்போது என்ன மருந்து என்று பராமரிப்பாளர் கடகடவென்று சொல்லுவார். மற்ற இடத்தில் 'காட்டில் கிடைத்தது' என்பதோடு முடிந்துவிடும். எப்படிக் கிடைத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சைக்கிள் ஓட்டுவது, சலாம் போடுவது மாதிரி ஏதாவது இருந்தால் கேள்வியே தேவையில்லை. நம் நாட்டில் 1998லேயே கரடியை வித்தை காட்டும் விலங்காகப் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டார்கள்.

பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயமும் இருக்கிறது. நல்ல மையத்திலும் ஒரு கரடி நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். உடனே 'இங்கேயும் கொடுமை' என்று எழுதிவிடாதீர்கள். குட்டியிலிருந்து கட்டிப் போட்டு வளர்த்ததில் வந்த பழக்கம் அது. மீட்ட பிறகும் சிலவற்றுக்கு முழுசாகப் போவதில்லை. அதைக் குறைக்கத்தான் மரக்கட்டையில் துளை போட்டுத் தேன் தடவி வைப்பது, ஊஞ்சல் கட்டுவது, பழத்தை ஒளித்து வைத்துத் தேடவிடுவது எல்லாம் செய்கிறார்கள். அந்த வேலைகள் நடக்கின்றனவா என்று கவனியுங்கள்.

பாம்பன், படகுக்காரர்: கரடியைக் காப்பாத்துனாங்க, சரி. அதை வச்சுப் பிழைச்சவங்க என்ன ஆனாங்க? 2001ல கடல் அட்டையைத் தொடக்கூடாதுன்னு சட்டம் வந்தப்ப எங்க வீட்டுல அடுப்பு எரியல. அதான் கேக்குறேன்.

அண்ணே, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்.

கரடி ஆட்டியவர்கள் கலந்தர் என்ற சமூகத்தினர், தலைமுறை தலைமுறையாக அதே தொழில். 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகும் பல வருஷம் அது நின்றபாடில்லை. வேறு தொழில் தெரியாது, கையில் முதலும் இல்லை. கரடியைப் பறிமுதல் செய்தால் இன்னொரு குட்டியை வாங்குவார்கள். ஒரு குட்டி சந்தைக்கு வர வேண்டும் என்றால் பெரும்பாலும் தாயைக் கொன்றிருப்பார்கள். பிறகு மயக்க மருந்து இல்லாமல் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூக்கில் துளை, அதில் கயிறு. பல்லையும் உடைத்துவிடுவார்கள்.

இதனால் மீட்பவர்கள் வழியை மாற்றினார்கள். கரடியை ஒப்படைக்கும் குடும்பத்திடம் இனி இந்தத் தொழில் செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, வேறு பிழைப்புக்கு உதவினார்கள். சிலருக்கு ஆட்டோ, சிலருக்குச் சின்னக் கடை, பெண்களுக்குத் தையல், பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு. சிலருக்கு மையத்திலேயே கரடிகளைப் பராமரிக்கும் வேலை. இப்படி 600க்கும் மேற்பட்ட கரடிகள் வந்து சேர்ந்தன. கடைசியாக வந்தது ராஜு என்ற கரடி, 2009 டிசம்பரில் கர்நாடகத்தில். எல்லாக் குடும்பமும் நன்றாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றுப் பிழைப்பைக் கையில் கொடுத்துவிட்டுக் கரடியை வாங்கினார்கள். நம் பக்கத்தில் கடல் அட்டைக்குத் தடை முதலில் வந்தது, பிழைப்பைப் பற்றிய பேச்சு பின்னால் வந்தது. உங்கள் கோபம் நியாயம்தான்.

அங்கே போகிறவர்கள் இதையும் விசாரியுங்கள். பராமரிப்பாளர்களில் கலந்தர் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுங்கள், கரடியின் குணத்தை அவர்கள் அளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு.

மண்டபம் முகாம்: குணமான பிறகு காட்டில் விட்டுவிடலாமே?

தேன்கரடியின் முக்கியச் சாப்பாடு கரையான், எறும்பு, காட்டுப் பழம். அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கரையானை 'சர்ர்'ரென்று உறிஞ்சும், சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். புற்றை மோப்பம் பிடிப்பதும் தோண்டுவதும் குட்டிக்குத் தாய் பழக்குவது. இவற்றுக்குத் தாய் இல்லை, மூக்கும் பல்லும் பாழ், சிலவற்றுக்குக் கண்ணும் தெரியாது. மனிதரைக் கண்டு பயமும் இல்லாததால் நேராக ஊருக்குள் வந்து நிற்கும். அதன் பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தேவிபட்டினம்: பிள்ளை பயப்படாமல் இருக்க கரடி முடித் தாயத்து கட்டியிருக்கிறோம். அதுவும் தப்பா?

நம்பிக்கையைப் பற்றி நான் பேசவில்லை. முடியைப் பற்றிச் சொல்கிறேன். தேன்கரடி வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில் இருக்கிற விலங்கு. அதன் முடி, நகம், பல் எதையும் விற்பதும் வாங்குவதும் குற்றம். திருவிழாக் கடையில் விற்கும் ஆளுக்கு அது கரடி முடிதானா என்பதே தெரியாது. நிஜமாகவே கரடி முடி என்றால் இன்னும் மோசம். அடுத்த பிள்ளைக்கு வாங்காதீர்கள்.

கீழக்கரை: கோலாலம்பூரில் மச்சான் வீட்டுக்குப் போகிறேன். அங்கே இப்படி ஏதாவது?

கோலாலம்பூர் பக்கம் வேண்டாம், சபா மாநிலத்தில் சண்டக்கானுக்கு விமானம் ஏறுங்கள். அங்கே செப்பிலோக்கில் சூரியக் கரடிப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. வோங் சியூ தே என்ற உயிரியலாளர் 2008ல் தொடங்கியது, 2014லிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. உலகத்திலேயே சின்னக் கரடி இனம் இதுதான். நெஞ்சில் மஞ்சள் பிறை இருக்கும், மரம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உயரமான நடைமேடையில் நின்று பார்க்க வேண்டும், கீழே காடு. பக்கத்திலேயே ஒராங்குட்டான் மையமும் உண்டு, அதற்குத் தனி டிக்கெட். மலேசியாவுக்குள்ளேயே என்றாலும் சபாவுக்குத் தனிக் குடியேற்றச் சோதனை, பாஸ்போர்ட்டை மச்சான் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வியட்நாம் போகிறவர்களும் கேட்டிருந்தீர்கள். ஹனோய்க்குத் தெற்கே நின் பின்னில் ஃபோர் பாஸ் என்ற விலங்குநல அமைப்பின் கரடிச் சரணாலயம் இருக்கிறது. மருந்துக்கென்று எடுக்கும் பித்தநீருக்காகக் கூண்டில் அடைக்கப்பட்டிருந்த கரடிகள் அங்கே இருக்கின்றன.

ராமநாதபுரம்: பக்கத்தில் எதுவும் இல்லையா? ஜாம்பவான் சேது கட்டின ஊர் இது!

ஜாம்பவான் வந்து போயிருக்கலாம், நம் மாவட்டத்தில் கரடிக்கு ஏற்ற காடு இல்லை. பெங்களூரு பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா சஃபாரியில் கரடிகளைப் பார்க்கலாம். மீட்பு மையமும் அதே வளாகத்தில்தான். செவ்வாய்க்கிழமை பூங்கா விடுமுறை. ஹம்பி போகிறவர்களுக்கு தரோஜி கரடிச் சரணாலயம் இருக்கிறது. அங்கே இருப்பவை காட்டுக் கரடிகள். பாறையில் இனிப்புக் கலவை பூசி வைக்க, மாலையில் அவை வந்து நக்குவதைக் கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து பார்க்கலாம். எனக்கு அந்த இனிப்புப் பூச்சில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் கரடி காட்டிலேயே இருக்கிறது, விருப்பப்பட்டால்தான் வருகிறது.

உண்மையில் நமக்குக் கிட்டத்தில் இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம், மன்னாருக்குத் தெற்கே வில்பத்து. ஜூன், ஜூலை வாக்கில் பாலைப்பழம் பழுக்கும்போது கரடிகள் மரத்தடிக்கு வரும். ஜீப்பை விட்டு இறங்காமல் பாருங்கள்.

பாம்பன்: பள்ளிக்கூட லீவு மே மாதம்தான். அப்போது ஆக்ரா போகலாமா?

வேண்டாம். நம் ஊரில் கடல்காற்றாவது உண்டு, ஆக்ராவில் மே மாதம் அனல்காற்றுதான். கரடியும் வெளியே வராது, பிள்ளைகளும் வாடிப்போவார்கள். அரையாண்டு லீவில் போங்கள். டிசம்பர் கடைசியில் காலையில் பனிமூட்டம் இருக்கும், வடக்கே ரயில்கள் தாமதமாகும், அதனால் மையத்துக்கு மதியத்துக்கு மேல் நேரம் கேளுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம்.