அரசு மருத்துவமனையில் ரூட் கெனால் செய்வார்களா?

கேள்வி: அறந்தாங்கி பக்கம் கிராமம். அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி ராத்திரி தூக்கமே இல்லை. தனியார் கிளினிக்கில் ரூட் கெனாலுக்கும், பல்மேல் உறைபோல மாட்டும் கேப்புக்கும் சொன்ன தொகை எங்களுக்குக் கட்டாது. அரசு மருத்துவமனைக்குப் போனால் பல்லைப் பிடுங்கித்தான் அனுப்புவார்கள் என்கிறார்கள். எங்கே போவது?

பதில்: அந்தப் பேச்சில் பாதி உண்மை. தாலுகா மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஓரிரு பல் டாக்டர்கள்தான். காலை ஓபி முடிவதற்குள் வரிசை முழுவதையும் பார்க்க வேண்டும். ரூட் கெனாலோ, பல்லைப் பிடுங்காமல் உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கிற சிகிச்சை. ஒரு பல்லுக்கே இரண்டு மூன்று தடவை வரச்சொல்லிச் செய்கிற வேலை. அதனால் அங்கே பிடுங்குவதும் அடைப்பதும்தான் அதிகம் நடக்கும். சில ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் டாக்டர் உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை.

பல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பல் மருத்துவக் கல்லூரிதான் சரியான இடம். நல்லவேளை, புதுக்கோட்டையிலேயே 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள். அதற்கு முன் அரசுக் கல்லூரி என்றால் சென்னை, இல்லாவிட்டால் சிதம்பரம். ஓபி சீட்டு போட ஆதாரும் பழைய மருத்துவச் சீட்டுகளும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். கிளம்பும் முன் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்கு போன் செய்து ஓபி நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. பயிற்சி மாணவர்கள் பார்ப்பார்கள் என்று தயங்க வேண்டாம். பேராசிரியர்கள் மேற்பார்வையில்தான் செய்வார்கள். நேரம் மட்டும் கூடுதலாகும், அரைநாள் போய்விடும்.

முதல் நாளே இரண்டு விஷயம் கேளுங்கள். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, இந்தப் பல் நிற்குமா என்று. வேர் மட்டும்தான் மிச்சம் என்றால் பிடுங்குவதே சரி. அதை அறந்தாங்கியிலேயே செய்துகொள்ளலாம். அடுத்து, கேப்புக்குத் தனியாகச் செலவு வருமா என்று. ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லை கேப் போடாமல் விட்டால் கடிக்கும்போது பிளந்துபோக வாய்ப்பு அதிகம்.

சர்க்கரை உள்ளவர் என்பதால் வெறும் வயிற்றில் அழைத்துப் போகாதீர்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொள்ளட்டும். கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. வலி மாத்திரையைப் பொடி செய்து ஈறில் வைக்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. ஈறு வெந்துபோகுமே தவிர வலி போகாது.

மாத்திரையில் வலி அடங்கியதும் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சில சமயம் உள்ளே நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றிருக்கும். கிருமி வேலை செய்துகொண்டேதான் இருக்கும். தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால் ஓபிக்காகக் காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் 108ஐ அழைத்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த வீக்கம் வேகமாகப் பரவும்.